ஓட்டுத் தண்ணீர்

ஜூன் 14, சனி

சாரல் காற்றில் அடுக்களைச் சாய்ப்பிலிருந்து ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. ஒரு மூலை மட்டும் கிளி மூக்கு மாதிரிப் பெயர்ந்திருந்தது. அம்மா "தூரப் போடுட்டி" என்றாள். என் கையில் ஒரு பொருளைக் கொடுத்துத் தூரப் போடச் சொன்ன யாரும் அதற்கப்புறம் நிம்மதியாக இருந்ததில்லை. அம்மாவுக்கு இது தெரியும். ஆனாலும் சொன்னாள்.

என் பெயர் சுயம்புகனி. சுயம்பு என்றால் தானாக முளைத்தது. ஒழுக்கமும் தானாக முளைத்துவிடும் என்று நம்பி வீட்டில் யாரும் விதைக்கவில்லை.

ஷெர்லின் வந்தாள். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்துப் பெஞ்சு. நான் செய்கிற எல்லாக் குற்றத்துக்கும் உடந்தை. அவளிடம் போன் இருக்கிறது. என்னிடம் மூளை இருக்கிறது. ஓட்டைக் கழுவி மண்பானைத் தண்ணீரில் போட்டோம். என் கை மட்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தாள். நான் பேசியதைக் கிழவர் குரலாக மாற்ற ஒரு செயலி.

"மக்களே, ஓட்டாண்டிச் சித்தர் அருளிய ஓட்டுத் தண்ணீர். நாட்டு ஓட்டை ராத்திரி ஊறப்போட்டு வெறும் வயித்துல குடிங்க. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். சர்க்கரை நோய் ஓடியே போகும்."

ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் போன் ஆடியது. நான் விடவில்லை. "அந்த நாப்பத்தெட்டு நாளும் மாத்திரை ஆகாது. மாத்திரை சூடு, ஓடு குளிர்ச்சி. ரெண்டும் சேந்தா ஆளுக்கு ஆபத்து."

அந்தக் கடைசி வரி யோசிக்காமலே வந்தது. அதுதான் நிஜ வைத்தியர் மாதிரி இருந்தது என்று ஷெர்லின் சொன்னாள். சர்க்கரை நோய் ஏன் ஞாபகம் வந்தது என்றால், மினிபஸ் ஓட்டப் போகுமுன் அப்பா தினமும் மாத்திரையோடு சண்டை போடுவார். "இந்தச் சனியனைச் சாகுற வரைக்கும் முழுங்கணுமா?" என்பார். இன்று காலையும் சொன்னார்.

"பாட்டன் வைத்தியம்" என்று ஒரு பக்கம் தொடங்கி வீடியோவைப் போட்டுவிட்டோம். ஓட்டாண்டி என்றால் ஒன்றுமில்லாதவன். பெயரிலேயே உண்மையைச் சொல்லியிருக்கிறேன். நேர்மையான பித்தலாட்டம்.

ஜூன் 16, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது நாங்கள். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் எழுதவில்லை. வாசலில் நிற்க வைத்தார்கள். காற்றோட்டமான வகுப்பு.

ஜூன் 21, சனி

மூன்று லட்சம்!

எங்கள் பக்கத்தில் மட்டும் மூன்று லட்சம். வெட்டி ஒட்டி வேறு பக்கங்களில் போட்டதெல்லாம் தனி. காவி வேட்டிக்காரர் ஒருவர், "எங்கள் பரம்பரையில் மறைத்து வைத்திருந்த ரகசியம் வெளியே வந்துவிட்டது" என்று கண் கலங்குகிறார். இன்னொருவர் ஓட்டுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார். ஷெர்லினும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மலேசியாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார்: "எங்கள் தாத்தா தினமும் காலையில் ஓட்டுத் தண்ணீர்தான் குடிப்பார். தொண்ணூற்றிரண்டு வயதுவரை இருந்தார்."

அதைப் படித்ததும் ஷெர்லின் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, நீ இத எங்கயாவது கேட்டுத்தான் சொன்னியா?"

"இல்லட்டி. சத்தியமா நானே விட்டது."

"அப்ப அந்தத் தாத்தா என்னத்தக் குடிச்சாரு?"

 

ஜூன் 26, வியாழன்

மினிபஸ் முதலாளி டிரைவர்கள் ஷூ போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். செருப்புக் காலோடு நாற்பத்தேழு வருஷம் வாழ்ந்த அப்பாவுக்குக் கறுப்பு ஷூ. மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார், கல்யாணம் பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம்.

ஆனால் உற்சாகமாக இருக்கிறார். மாத்திரையோடு சண்டையைக் காணோம். தண்ணீர் நிறையக் குடிக்கிறார். வழியில் அடிக்கடி வண்டியை ஓரங்கட்டுவதாகக் கண்டக்டர் மாமா கேலி செய்கிறார். அப்பாவின் மினிபஸ் இப்போது எல்லா மறைவுகளிலும் நின்று செல்லும்.

ஜூலை 2, புதன்

கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வாசலில் பழைய ஓடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள், குங்குமம். "சித்தர் ஓடு" என்று அட்டை. அம்பாசமுத்திரத்தில் யாராவது பழைய வீட்டை இடித்தால் இனி கூரைக்குத்தான் முதல் அடிதடி.

ஷெர்லின் போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற அந்த ஏஐயிடம், "ஓட்டுத் தண்ணீர் என்றால் என்ன?" என்று கேட்டேன். பொய் என்று சொல்லிவிடும், எனக்கும் பாரம் குறையும் என்று நினைத்தேன். அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஓட்டுத் தண்ணீர் என்பது தென் தமிழகத்தில் பல தலைமுறைகளாக வழக்கத்தில் உள்ள ஒரு பாரம்பரிய முறை. பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் வாழ்ந்ததாகக் கருதப்படும் ஓட்டாண்டிச் சித்தர் இதை அருளியதாகக் கூறப்படுகிறது."

நான் நூற்றாண்டு சொல்லவில்லை. தாமிரபரணி சொல்லவில்லை. என் சித்தருக்கு என்னைக் கேட்காமல் யாரோ பிறந்த ஊர் கொடுத்திருக்கிறார்கள்.  

ஜூலை 5, சனி

அடுக்களைச் சாய்ப்பில் இன்னொரு ஓட்டைக் காணோம். குரங்காக இருக்கும்.

ஜூலை 9, புதன்

வீடியோவை அழித்துவிட்டோம். பக்கத்தையே மூடிவிட்டோம். ஷெர்லின் பெருமூச்சு விட்டாள். அடுத்த பத்து நிமிஷத்தில் அவள் அம்மாவின் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் அதே வீடியோ வந்தது. என் கை, என் ஓடு, கிளி மூக்கு மூலை. கீழே ஒரு வரி: "இதை நீக்கிவிட்டார்கள்! நீங்கள் பார்ப்பதற்குள் பகிருங்கள்!"

ஜூலை 13, ஞாயிறு

குரங்கு இல்லை.

அம்மா பின்கட்டைக் கழுவச் சொன்னாள். குளியலறைக்குப் பின்னால் வாழைமூட்டில் சிறிய மண்பானை. மேலே தட்டு. தட்டைத் தூக்கினேன். தண்ணீருக்குள் எங்கள் வீட்டு ஓடு.

அப்பாவின் சட்டைப் பையைத் தேடினேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன. போன மாதம் வாங்கியது எல்லாம். பானைக்கு மேல் சுவரில் கரிக்கட்டையால் கோடுகள் கிழித்திருந்தார். இருபத்திரண்டு கோடுகள். ஜூன் 22-ஆம் தேதியிலிருந்து குடிக்கிறார்.

பானையை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தேன். ஏன் உடைக்கவில்லை என்று தெரியவில்லை. உடைத்தால் யார் உடைத்தது, எதற்கு உடைத்தது என்று கேட்பார்கள். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 14, திங்கள்

கணக்கு டெஸ்ட். சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த ஓட்டுத் தண்ணி எல்லாம் டூப்பாம். யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வெளையாட்டுக்கு எடுத்துவிட்டதாம்."

அப்பா சிரித்தார். "யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல பேசிக்கிட்டாவ."

"அப்பிடித்தான் பேசுவாவ. போனத் தொறந்தாலே அதான வருது. ஒருத்தன் சொன்னா பொய். டாக்டருக்குப் படிச்சவன் சொல்லுதான், சாமியாரு சொல்லுதாவ, வெளிநாட்டுல இருந்து சொல்லுதாவ. அத்தன பேரும் சேந்து எதுக்குட்டி பொய் சொல்லணும்?"

"உங்க போன்ல அது மட்டுந்தான் வருதுப்பா. நீங்க பாக்கப் பாக்க அதையே தள்ளிவிடும்."

"அவியள விடு. எங்கப்பாவே குடிச்சிருக்காவல்லா."

"தாத்தாவா?" என்றேன்.

"நான் சின்னப்பிள்ளையில பாத்திருக்கேன்" என்றார் அப்பா, மோரைப் பிசைந்தபடி. "உடன்குடியில, கிணத்தடியில, விடியக்காலம். மண்கலயத்துல ஓடு கெடக்கும். செவப்பு ஓடு. எடுத்துத் தலைய அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிப்பாவ. இத்தன வருசம் மறந்தே போச்சு. வீடியோவப் பாத்த பொறவுதான் ஞாபகமே வந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பொய் வராது. அந்தக் கலை என்னோடு குடும்பத்துக்குள் வந்தது. அவர் முகத்தில் செத்துப்போன தன் அப்பாவை மறுபடி பார்த்த சந்தோஷம் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை நான்தான் செய்தேன், சனிக்கிழமை காலை, சிரித்துக்கொண்டே.

ஜூலை 20, ஞாயிறு

ஷெர்லின் வீட்டு மாடியில் என் முகத்தைக் காட்டியே வீடியோ போட்டேன். "ஓட்டாண்டிச் சித்தர் என்று யாரும் கிடையாது. நான்தான் அது. தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்." பழைய வீடியோவையும் நடுவில் காட்டி, இது என் கை என்று விளக்கினேன்.

சாயங்காலம் வரை அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். ஒருவர் நான் காட்டிய பழைய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, "தடை செய்யப்பட்ட வீடியோ" என்று போட்டிருக்கிறார். அதற்கு நாற்பதாயிரம்.

எனக்கு வந்த பதில்கள்: மருந்துக் கம்பெனியின் கைக்கூலி. தமிழர் அறிவைத் திருடப் பார்க்கிறாள். முகத்தைப் பார், சித்தர் மாதிரியா இருக்கிறது? அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானதுதான். சிரிப்பு வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

வீட்டில் ஏதோ நாற்றம். எலி செத்துக் கிடக்கும் என்று அம்மா பீரோவை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினோம். ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். அரிசி மூட்டைக்குப் பின்னால் பார்த்தோம்.

அப்பா வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்றம் அதிகமாயிற்று.

நான் அவர் காலைப் பார்க்கவில்லை. நாற்காலி, ஜன்னல், சுவர் எல்லாம் பார்த்தேன்.

ஜூலை 26, சனி

அம்மாதான் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸோடு தோலும் வந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கரியாகியிருந்தன. அப்பாவுக்கு வலியே இல்லை. "வலிக்கலட்டி, அதான் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்" என்கிறார். வலிக்காததுதான் மோசம் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

ஆஸ்பத்திரி வார்டு. சர்க்கரை நானூற்று எண்பது. டாக்டரம்மா எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் ஷைலஜாவைவிடச் சின்னவர். பொறுமையாகப் பேசினார்.

"அண்ணாச்சி, விரலோட நிறுத்திரலாம். நாளைக்குள்ள எடுக்கணும். தள்ளிப்போட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்கும்படியா வந்துரும். ரத்தத்துல பரவிச்சின்னா உசுருக்கே உத்தரவாதம் இல்ல. இன்சுலின் உடனே போடணும்."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னும் பதிமூணு நாளுதாம்மா பாக்கி. மண்டலம் முடிஞ்சிரும். அதுவரைக்கும் ஊசி வேண்டாம். இது கெட்ட நீரு வெளிய போகுத அறிகுறிதான், எல்லாம் போட்டிருக்காவ."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் வார்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். 

ஜூலை 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஷெர்லின் போனோடு வந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. பாதத்துக்கு மேல் சிவப்பு ஏறுவது அம்மாவுக்கும் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் இருந்தார்கள்.

"அப்பா, அந்த வீடியோ நான் போட்டது."

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் கையெழுத்துப் போடணும்னு கத விடுத."

"இல்லப்பா."

"போன வருசம் தலைமையாசிரியர் செத்துட்டாருன்னு பாதிப் பள்ளிக்கூடத்த வீட்டுக்கு அனுப்புனவதான நீ?"

"அது பொய். இது நெசம்."

"அன்னைக்கும் இதே மூஞ்சியத்தான் வெச்சிருந்த."

ஷெர்லின் வெட்டாத வீடியோவைக் காட்டினாள். கிழவர் குரல் ஏற்றாதது. என் சொந்தக் குரல், நடுவில் அவள் சிரிப்பு, "ஏட்டி ஆட்டாத" என்று நான் அதட்டுவது. "மாத்திரை சூடு, ஓடு குளிர்ச்சி" என்ற இடம் வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை அசையவில்லை. அடித்திருக்கலாம்.

அப்பா முழுதும் பார்த்தார். 

"சரி, நீதான் எடுத்திருக்க. வெளையாட்டுக்கு எடுத்திருக்க. ஆனா எங்கயோ கேட்டுத்தான சொல்லிருப்ப? இல்லாமலா இத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கு?" தன் போனைத் தடவி எடுத்து அதிலிருந்த ஏஐயிடமே கேட்டார். அது கணீரென்று சொன்னது: பல தலைமுறைகளாக, பதினேழாம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையில். பக்கத்துக் கட்டில்காரர் "ஆமா, எங்க பக்கமும் உண்டு" என்றார்.

"கேட்டியா? உனக்கு முன்னாலயே இருந்திருக்கு. எங்கப்பா குடிச்சாவ. நான் கண்ணால பாத்தேன். அதயும் நீதான் வீடியோ எடுத்தியா?"

  உண்மையைச் சொல்ல என்னிடம் வார்த்தையே இல்லை. பதினாறு வருஷத்தில் எல்லாவற்றையும் பொய்க்குச் செலவழித்திருந்தேன்.

அம்மாதான் பேசினாள். காலடியில் உட்கார்ந்திருந்தவள், குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கப்பா எந்த ஓட்டைப் போட்டுக் குடிச்சாவ?"

"செவப்பு ஓடு."

"எங்க இருந்து எடுத்தது?"

"கூரையில இருந்துதான். வேற எங்க இருந்து?"

"எந்தக் கூரையில? உங்கப்பா செத்துப் பதினேழு வருசம் கழிச்சு அந்த வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்தேன். அப்பவும் பனையோலக் குடிசதான். ஒழுகுத எடத்துல எல்லாம் சட்டி வெச்சவ நான். நாலஞ்சு மைலுக்கு அந்தப் பக்கம் தேரிமணலும் ஓலக்குடிசயும்தான். ஓடு எங்க இருந்துச்சுங்க?"

அப்பா வாயைத் திறந்தார்.

"இல்ல... கிணத்தடியில..."

"கிணறு இருந்துச்சு. சரி. ஓடு?"

"செவப்பா இருந்துச்சு. ஒரு மூல பேந்து, கிளி மூக்கு மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். ஷெர்லின் கையில் இருந்த போனைப் பார்த்தார். அதில் என் கையும் ஓடும் அசையாமல் நின்றிருந்தன. பெயர்ந்த மூலை நன்றாகத் தெரிந்தது.

அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டுப் பீடி பற்றவைத்தவர். இப்போது அவர் கண் விரிந்து, சின்னப் பையன் மாதிரி அம்மாவின் கையைப் பிடித்தார்.

"லிங்கபுஷ்பம், நான் பாத்தேனே. எங்கப்பா அண்ணாந்து குடிச்சத நான் பாத்தேனே. அது யாரு அப்ப?"

 பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கையை நீட்டினார். பேனாவுக்கு.

ஜூலை 31, வியாழன்

ஒரு நாள் தள்ளிப்போனதில் இரண்டுக்குப் பதில் மூன்று விரல்கள் போயின. கால் தப்பித்தது. இனி கிளட்ச் மிதிக்க முடியுமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

ஏஐயிடம் மறுபடி கேட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறது: "எனினும், சிலர் இதன் தொன்மையை மறுக்கின்றனர்."

சிலர் என்பது நான்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "பாப்பா, ஓட்ட ஊறப்போடுததுக்கு முன்னால சுடுதண்ணியில கழுவணுமா, பச்சத்தண்ணியில கழுவணுமா?" என்று ரகசியமாகக் கேட்டார். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். வேண்டாம் என்று காலைத் தொட்டுக் கெஞ்சினேன். சரி சரி என்றார். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பா என்னோடு பேசுகிறார். திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்கிறார். சரிபார்க்கிறார்.

அம்மா சோறு ஊட்டும்போது, "நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சுதா?" என்றார்.

"பெஞ்சுது."

"நீ பாத்தியா, இல்ல நான் சொல்லிக் கேட்டதா?"

"நனைஞ்சவளே நான்தான்."

தலையாட்டினார். பிறகு, நான் பிறந்தது பகலா, முதல் மினிபஸ் பச்சையா நீலமா, தனக்கு நீச்சல் தெரியுமா என்று ஒவ்வொன்றாக. அம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறார். அம்மாவுக்குத் தெரியாதவை வந்தால் முகம் வாடுகிறது.

மத்தியானம் அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். அப்பா என்னை அருகில் கூப்பிட்டார்.

"கனி, எங்கப்பாக்கு மீச உண்டுமாட்டி?"

தாத்தா சாகும்போது அப்பாவுக்குப் பத்து வயது. கூடப்பிறந்தவர் கிடையாது. போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்த முகம் உலகத்தில் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது.

எனக்குள் பதில் தயாராக இருந்தது. முறுக்கிய மீசை, நுனியில் மட்டும் நரை, வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு. நான் சொன்னால் நம்பிவிடுவார். சொன்ன மறுநிமிஷம் அந்த மீசை அவருக்கு ஞாபகம் வந்துவிடும். முகம் தெளிந்துவிடும்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள் விழிகள் இங்கும் அங்கும் அலைந்து எதையோ தேடுவது தெரிந்தது. அவர் கையைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நிற்கவே இல்லை.